கார்டில் தலைவர், கணக்கில் தலைவி

குடும்பத் தலைவிக்கு உரிமைத் தொகை என்று அரசு மாதம் 1,000 ரூபாய் கொடுத்துப் பெண்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள் என்று ஒரு கூட்டம். அந்த 1,000 ரூபாயில் பெண் விடுதலையே வந்து சேர்ந்துவிட்டது என்று இன்னொரு கூட்டம். டீக்கடையிலும் டிவியிலும் இந்த இரண்டு பாட்டைத்தான் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். நான் சேலத்தில் சிவதாபுரம் பக்கம் சின்னதாக ஓர் இ-சேவை மையம் நடத்துகிறேன். புது விண்ணப்பம், திருத்தம், மேல்முறையீடு என்று எங்கள் ஏரியாக் குடும்பங்களின் கதையெல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகும். அங்கே உட்கார்ந்து பார்த்தால் வேறொன்று தெரியும். பணம் கைக்கு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே படிவம் வீட்டுக்குள் போய்விடுகிறது. இந்த வீட்டில் யார் யார் ஒரே குடும்பம், பெரியவர் யார் என்று கேட்டுவிடுகிறது. அதுவரை யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. சண்டை அங்கே ஆரம்பிக்கிறது.

(இதில் வருகிற ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். நாளைக்கு அவர்கள் என் கடைக்கு வரவேண்டும் இல்லையா.)

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் பதிகிற முகாம்களை 2023 ஜூலை 24 அன்று அப்போதைய முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கிவைத்தது பக்கத்துத் தர்மபுரி மாவட்டத்துத் தொப்பூரில். பணம் போட ஆரம்பித்தது செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில். 1 கோடியே 6 லட்சம் பேருக்குக் கிடைத்தது. கிடைக்காதவர்களுக்கு 18ஆம் தேதியிலிருந்து காரணம் சொல்லி எஸ்எம்எஸ் போனது. 30 நாளுக்குள் இ-சேவை மூலமாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். அவ்வளவுதான், எங்கள் கடை வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும். கைக்குழந்தைக்காரர்கள் என் மேசைக்கு அடியில் துணி விரித்துப் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

அந்த நாட்களில் படித்த நிராகரிப்புக் காரணங்களைத் தனியாகத் தொகுத்தாலே போதும், இந்த ஊரில் குடும்பம் எப்படி நடக்கிறது என்று புரிந்துவிடும்.

கொலுசுப் பட்டறை வேலை செய்கிற ஓர் அக்கா. எங்கள் பக்கம் பனங்காடு, சிவதாபுரம் முழுக்கக் கொலுசுதான்; வீட்டுக்கு வீடு பெண்கள் வளையம் கோர்ப்பார்கள், பற்றவைப்பார்கள், கூலி வேலை. அந்த அக்காவுக்கு வந்த எஸ்எம்எஸ், வீட்டில் நான்கு சக்கர வாகனம் இருக்கிறது என்றது. வாகனம் என்னவென்றால், செவ்வாய்ப்பேட்டைக்குச் சரக்குக் கொண்டுபோக அவர் கணவர் வாங்கிய பழைய ஆம்னி வேன். அதில் இந்த அக்கா ஏறியதே இரண்டோ மூன்றோ தடவைதான். "வண்டிச் சாவியக்கூட நான் தொட்டதில்ல கண்ணு. அதுல என்னோட ஆயிரம் எப்படிப் போச்சு?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டக்கூடாது. நன்செய் 5 ஏக்கரையோ புன்செய் 10 ஏக்கரையோ தாண்டக்கூடாது. மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக்கூடாது. கார் கூடாது, அரசு வேலை கூடாது. பணக்காரக் குடும்பத்துக்குப் போகக்கூடாது என்பதற்காகப் போட்ட வரம்புகள், அதில் தப்பில்லை. ஆனால் நிலம் யார் பேரில்? கார் யார் பேரில்? ஈபி இணைப்பு யார் பேரில்? என் மேசைக்கு வந்த ஆவணங்களில் பாதிக்கு மேல் ஆண் பெயர். வீட்டில் அவள் செய்கிற கூலியில்லாத வேலைக்கு மரியாதையாக இந்தப் பணம் என்று சொன்னார்கள். அவளுக்குத் தகுதி உண்டா என்பதை மட்டும் புருஷன் சொத்தை வைத்து அளந்தார்கள். அரசு வேலையில் இருக்கிற கணவன் வீட்டுச் செலவுக்குக் காலணா தராமல் இருந்தாலும் அவள் அரசு ஊழியர் குடும்பம்தான். அப்படி ஒருவர் வந்தார். மேல்முறையீட்டில் காரணம் எழுதும் இடத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேண்டாம் விடுங்கக்கா, எழுதினா வீட்டுக்குத் தெரிஞ்சிரும்" என்று எழுந்து போய்விட்டார்.

ரேஷன் கார்டு விஷயம் இதைவிடக் கூத்து. 2013ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம், வீட்டில் 18 வயது நிறைந்த பெண்களில் மூத்தவர்தான் குடும்ப அட்டைக்குத் தலைவர் என்கிறது. தமிழ்நாடு 2016 நவம்பரில் அந்தச் சட்டத்துக்குள் வந்தது. ஆனால் என்னிடம் வருகிற ஸ்மார்ட் கார்டுகளில் இன்றைக்கும் மீசை வைத்த முகங்களே அதிகம். உரிமைத் தொகை வந்தபோது இதை மாற்ற ஒரு வாய்ப்பு இருந்தது. கார்டை மாற்றச் சொன்னால் ஊரே தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றிருக்கும், அதுவும் உண்மை. அதனால் சுலபமாக ஒரு வழி வைத்தார்கள்: கார்டில் ஆண் தலைவராக இருந்தால் அவர் மனைவியைத் தலைவியாக எடுத்துக்கொள்ளலாம். ஆக, கார்டில் அவர் தலைவர், பேங்க் கணக்கில் இவள் தலைவி. இரண்டு பேருக்கும் மனத்தாங்கல் இல்லை.

ஒரு கார்டுக்கு ஒரு பெண்ணுக்குத்தான் பணம். கூட்டுக்குடும்பத்தில் இது என்ன செய்யும் என்று திட்டம் எழுதியவர்கள் யோசித்தார்களோ இல்லையோ, எங்கள் தெருவில் மருமகள்கள் யோசித்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மாமியார், இரண்டு மருமகள்கள், ஒரே கார்டு. தலைவர் மாமனார், அதனால் பணம் மாமியாருக்கு. மூத்த மருமகள்தான் விடிகாலையில் தண்ணீர் பிடிப்பது, சமைப்பது, மதியம் முழுக்கக் கொலுசு பற்றவைப்பது எல்லாம். "வேலைக்கு நானு, பணத்துக்கு அத்தையா?" என்று கேட்டுக்கொண்டு தனிக் கார்டு போட வந்தாள். தனிக் கார்டுக்குத் தனிச் சமையல் இருக்கவேண்டும், நேரில் வந்து பார்ப்பார்கள். வீட்டில் இருந்ததோ ஒரே அடுப்பு. பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டவென்று நடையில் ஒரு தடுப்புக் கட்டி, இரண்டாவது கேஸ் அடுப்பு வாங்கிவைத்தார்கள். அப்போது பார்த்துப் புதிய கார்டு கொடுப்பதையே அரசு நிறுத்திவைத்துவிட்டது. கார்டு வரவில்லை, அடுப்பு இருந்தது. சும்மா கிடக்கிற அடுப்பில் முதலில் பிள்ளைக்குப் பால் காய்ச்சினாள். அப்புறம் காலை டிபன். ஒருநாள் பார்த்தால் நிஜமாகவே தனிச் சமையல்.

மாமியார் என்னிடம் வந்து புலம்பினார்: "ஆயிரம் ரூவா என் வீட்ட ரெண்டாக்கிருச்சு." மருமகள் வந்து, "இப்பதான்க்கா நாலு மணிக்கு ஒரு டீ எனக்குப் பிடிச்ச மாதிரி வெச்சுக் குடிக்கிறேன்" என்றாள். யார் பக்கம் நிற்பது என்று கேட்டால், நான் மருமகள் பக்கம்தான். ஆனால் மாமியாரையும் ஒதுக்க முடியவில்லை. அவர் மருமகளாக இருந்த காலத்தில் இப்படி ஒரு சாக்கு அவருக்கு வாய்க்கவில்லை. 52 வயதில் முதல்முறையாகத் தன் பேரில் மாதாமாதம் ஒரு பணம் வர ஆரம்பித்த நேரத்தில், அதைக் காரணமாக வைத்தே வீடு பிரிந்தால் யாருக்குத்தான் வலிக்காது.

மருமகளுக்குக் கார்டு பிறகு வந்தது. 2025ல் அரசு நடத்திய ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாமில் அவளுக்கு மனு எழுதிக் கொடுத்தது நான்தான்.

அடுத்து போன். ரேஷன் கார்டுக்கான டிஎன்பிடிஎஸ் இணையதளத்தில் கார்டுக்குள் போக வேண்டுமென்றால் கார்டில் பதிந்திருக்கிற நம்பருக்கு ஓடிபி வரும். அந்த நம்பர் அநேகமாக வீட்டுக்காரருடையது. மனைவி என் கடையிலிருந்து போன் போட்டு, "ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்பார். அவர் பட்டறைச் சத்தத்தில் "எதுக்கு?" என்பார். விளக்கி முடிப்பதற்குள் ஓடிபி செத்துவிடும். இது தொந்தரவு மட்டும்தான். புருஷன் விட்டுவிட்டுப் போன பெண்ணுக்கு இதுவே சுவர். பேர் அவன் கார்டில், நம்பர் அவனிடம், அவன் திருப்பூரில் யாரோடோ. பேரை நீக்கினால்தான் புதுக் கார்டு. நீக்க அவன் போன் வேண்டும். தாலுகா ஆபீஸுக்கு நேரில் போய் எழுதிக் கொடுத்துச் செய்யலாம், நானே அழைத்துக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் அங்கேயும் முதல் கேள்வி, "வீட்டுக்காரர் வரலையா?"

வேலை முடிந்து போகிறவர்களிடம் நான் ஒன்று வழக்கமாகச் சொல்வேன்: உங்கள் பேரில் சிம் இருந்தால் கார்டிலும் பேங்கிலும் அந்த நம்பரை ஏற்றுங்கள். பணம் வந்தால் எஸ்எம்எஸ் உங்களுக்கு வரட்டும். ஒரு வீட்டுக்காரர் இதற்காகவே என்னிடம் சண்டைக்கு வந்தார், "என்னக் கேக்காம நம்பர எப்படி மாத்துனீங்க?" என்று. "ஆதார் உங்களுதா, அவங்களுதா?" என்றேன். முனகிக்கொண்டே போனார். போகிற வழியில் ஜெராக்ஸ் பாக்கியை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார், மனுஷன் மோசமில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, இவள் திட்டத்துக்கு எதிரி என்று நினைக்கவேண்டாம். 1,000 ரூபாய் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். பாதி கணக்கு என் பயோமெட்ரிக் மெஷினில்தான் எடுக்கிறார்கள். சிலிண்டர், குழுத் தவணை, பிள்ளைக்கு டியூஷன், மாத்திரை. வெள்ளி விலை ஏறி, ஆர்டர் குறைந்து, பட்டறையில் வாரக்கணக்கில் வேலையில்லாமல் இருந்தபோது அரிசியும் இந்தப் பணமும்தான் பல வீடுகளைத் தாங்கின. ஒருவர் மட்டும் எடுக்கவே மாட்டார், பேலன்ஸ் பார்த்துவிட்டுப் போவார். "இருக்குதுன்னு தெரிஞ்சா போதும்" என்பார்.

ஆனால் விடுதலை என்று மேடை போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 2024ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரி 289 நிமிடம். வீட்டு வேலை செய்கிற ஆண்கள் 88 நிமிடம். மாதத்துக்குப் பெருக்கினால் பெண்ணுக்குச் சுமார் 145 மணி நேரம். 1,000 ரூபாயை அதால் வகுத்துப் பாருங்கள், மணிக்கு 7 ரூபாய்கூட முழுசாக வராது. அதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. 2019 கணக்கெடுப்பில் ஆண்கள் 97 நிமிடம் செய்தார்கள். அஞ்சு வருஷத்தில் அதிலும் 9 நிமிடம் குறைந்துவிட்டது!

பெண்களுக்கு இலவச பஸ் விஷயத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 2021 மே மாதம் ஸ்டாலின் முதலமைச்சராகப் பதவியேற்ற அன்றே கையெழுத்துப் போட்டது. மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொன்னது. பழைய பஸ் ஸ்டாண்டு போய் வர யாரிடமும் காசு கேட்கவேண்டாம், எதற்கு என்று காரணம் சொல்லவேண்டாம். இந்த ஒரு திட்டத்துக்குத்தான் கார்டும் வேண்டாம், தலைவியும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். ஏறினால் போதும்.

இந்த மாவட்டத்தில் பெண்ணைப் பற்றிய அரசின் எண்ணம் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்று சில சமயம் யோசிப்பேன். தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992ல் ஆரம்பித்தது இங்கேதான், சேலத்தில். பெண் குழந்தையைக் கொல்லாதே, எங்களிடம் கொடுத்துவிடு என்று அரசே தொட்டில் வைக்கவேண்டிய நிலைமை. எனக்கு அப்போது விவரம் தெரியும் வயது. ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம் காபி எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தோம். கீழே ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்குப் போகிற பெண்களிடம் எங்கள் அம்மா, "எதுவா இருந்தாலும் தூக்கிட்டு வந்துரு" என்று சொல்லி அனுப்பியது ஞாபகம் இருக்கிறது.

அதற்கு முன்பே, 1989ல், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேரில் திருமண உதவி வந்துவிட்டது. எட்டாவது படித்திருந்தால் 5,000 ரூபாய். பிறகு படிப்பு வரம்பும் ஏறியது, தொகையும் ஏறியது: பட்டதாரிக்கு 50,000, தாலிக்கு 8 கிராம் தங்கம் வரைக்கும். கல்யாணத்துக்கு முன்னாலேயே மனுப் போடவேண்டும். பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பாக்கள்தான் வருவார்கள். மணப்பெண்ணை நான் பார்த்ததே குறைவு. 2022ல் அதைப் புதுமைப் பெண் திட்டமாக மாற்றினார்கள். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் காலேஜில் சேர்ந்தால் மாதம் 1,000, அவள் கணக்கில். இப்போது வருகிறவர்கள் பிள்ளைகளே. தோளில் பை, கையில் அவரவர் போன், ஓடிபி சட்டென்று வந்துவிடும். தங்கம் விற்கிற விலையில் "எட்டு கிராம் போச்சே" என்று அப்பாக்கள் அடித்துக்கொள்கிறார்கள், நியாயம்தான். ஆனாலும் இதுவரை வந்த மாற்றங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அதே காசு, கல்யாணப் பெண்ணிடமிருந்து காலேஜ் பெண்ணுக்கு நகர்ந்தது.

பிடிக்காதது எது என்றால், எந்தத் திட்டம் வந்தாலும் வேலை மட்டும் பெண் தலையில் விழுவது. குழுக் கடன் வாங்குவது அவள், கட்டுவது அவள், முகாமில் வரிசையில் நிற்பது அவள்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஒன்றிலிருந்து ஐந்தாவது வரை. உப்புமா, கிச்சடி, பொங்கல். காலையில் கொலுசு வேலைக்கு உட்காருகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எங்கள் தெருவில் கேட்டால் தெரியும். சமைப்பது மகளிர் குழுப் பெண்கள். பக்கத்து வீட்டு அக்கா அதில் இருக்கிறார். விடிவதற்குள் கிளம்பிவிடுவார். அப்படியென்றால் அவர் வீட்டுக் காலைச் சமையல்? நான் நினைத்தது, வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்று. பார்த்துக்கொள்வது ஒன்பதாவது படிக்கிற மகள். அப்பாவுக்கு டீ வைத்து, சோறு வடித்து, டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்துவிட்டு, தான் பிஸ்கட் தின்றுகொண்டே பஸ்ஸுக்கு ஓடுவாள். தம்பி பள்ளியில் அம்மா கையால் சூடாகப் பொங்கல் சாப்பிடுகிறான். அம்மா விட்ட வேலை அப்பாவைத் தாண்டி நேராக மகளிடம் போய்விட்டது. அந்த வீட்டுக்காரரிடம் ஒருதடவை கேட்டே விட்டேன். "எனக்கு அடுப்பு வேலை வராதும்மா" என்றார். கொலுசுப் பட்டறையில் வெள்ளி உருக்குகிறவர் அவர்.

இந்தக் கதையை என் மாமியாரிடம் சொன்னேன். அவர் சாதாரண ஆளில்லை. 1982 ஜூலையில் எம்ஜிஆர் சத்துணவு ஆரம்பித்த கொஞ்ச நாளில் சமையல் உதவிக்குச் சேர்ந்தவர். சின்ன வயதிலேயே தாலி இழந்தவர். அந்த மாதிரிப் பெண்களுக்கு அதில் முன்னுரிமை இருந்தது. அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தவருக்குச் சொந்தச் சம்பளம், பிள்ளைக்கு மதியச் சோறு. இப்போது மாதாமாதம் ஓய்வூதியம் வாங்குகிறார், பாஸ்புக்கைத் தலையணைக்கு அடியில்தான் வைப்பார். "எம்ஜிஆர் சோத்துலதான் உன் புருஷன் வளந்தான், மறந்துராத" என்று வருஷத்துக்கு நாலு தடவையாவது எனக்கு நினைவூட்டுவார்.

காலை உணவுக்கு ஆண்களையும் சமையலுக்குப் போடவேண்டும், அப்போதுதான் புத்தி வரும் என்றேன். அத்தை சுண்டலுக்குக் கடலை ஆய்ந்துகொண்டே சிரித்தார்.

"அவங்களுக்கா சமையல் வராது? போன மாசம் கல்யாண மண்டபத்துல ஆயிரம் பேருக்குச் சமைச்சது யாரு? பூரா ஆம்பளைங்க. மாஸ்டரு, அவருக்கு நாலு கையாளு, எல்லாத்துக்கும் ரொக்கமாக் கூலி. அண்டா தூக்கறதும் அவங்கதான், உப்புப் பாக்கறதும் அவங்கதான். நான் சேர்ந்தப்ப ஸ்கூல்ல என்ன குடுத்தாங்கன்னு தெரியுமில்ல? அந்தச் சம்பளத்துக்கு எந்த ஆம்பள வருவான்? மாஸ்டருக்குக் குடுக்கற கூலிய இவளுங்களுக்குக் குடுக்கச் சொல்லு. நாளைக்கே ஸ்கூல் வாசல்ல உன் பக்கத்து வீட்டுக்காரன் கரண்டியோட நிப்பான். அப்புறம் இவளுங்களுக்கு அந்த வேலை கிடைக்காது, அதையும் நெனச்சுக்கோ."

எனக்கு உடனே பதில் வரவில்லை. இரண்டு பேருக்கும் பாதிப் பாதி என்று ஒதுக்கீடு வைக்கலாமே என்றேன். "வெச்சா விண்ணப்பம் எங்க போடறது, உன் கடையிலதான?" என்று கேட்டுவிட்டுக் கடலையை ஊறவைக்க எழுந்து போய்விட்டார்.